கமராவோடு மலையேறியவர்: மா. கிருஷ்ணன் (1912–1996)

பதுளையில் வாழும் எவருக்கும் புனித மாற்கு தேவாலயத்தைத் தெரியும். ஆனால் அது யாருடைய நினைவோடு சேர்ந்தது என்று கேட்டால் பலர் யோசிப்பார்கள். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இங்கே அதிகாரியாக இருந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்பவரின் நினைவோடு சேர்ந்தது அது. 1845 ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் இறந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவர் என்று அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அது குற்றமாகத் தெரியவில்லை, பெருமையாகவே தெரிந்தது. யானை உலாவிய ஊவாவின் மலைக்காடுகள் அதன் பின்னர் கோப்பித் தோட்டங்களாயின. கோப்பி நோயில் அழிந்ததும் தேயிலைத் தோட்டங்களாயின.

துப்பாக்கியோடு காட்டுக்குப் போனவரின் பெயர் நம் ஊரில் நிலைத்துவிட்டது. கமராவும் ஒரு குறிப்புப் புத்தகமும் மட்டும் எடுத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் காட்டுக்குப் போன ஒரு தமிழரின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அவர்தான் மா. கிருஷ்ணன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் நான் மலைப் புல்வெளிகள் பற்றித் தேடப் போய்த்தான் அவரைக் கண்டுகொண்டேன். என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு காட்டாடு.

ஆடு என்றதும் நம் வீடுகளில் ஹஜ்ஜுப் பெருநாளும் உழ்ஹிய்யாவும்தான் நினைவுக்கு வரும். காட்டிலே, அதுவும் செங்குத்தான பாறையிலே வாழும் ஆடு இலங்கையில் இல்லை. தென்னிந்தியாவில் அப்படி ஒரே ஓர் இனம் இருக்கிறது. அதன் பெயர் வரையாடு. வரை என்றால் மலை. சங்கப் பாடல்களில் வருடை என்று வருவதும் இந்த மலையாடுதான் என்பர். உலகில் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களின் மேற்குத் தொடர்ச்சி மலைகளைத் தவிர வேறெங்கும் இது காட்டில் வாழ்வதில்லை. இன்று மிஞ்சியிருப்பவை மூவாயிரத்துக்கும் குறைவு. தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. கிருஷ்ணன் தேடித் திரிந்து பார்த்து எழுதிய விலங்குகளில் இதுவும் ஒன்று.

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 ஆம் திகதி திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை அ. மாதவையா தமிழ் நாவல் இலக்கியத்தின் முன்னோடிகளில் ஒருவர். பத்மாவதி சரித்திரம் எழுதியவர். பெண் கல்விக்காகவும் பால்ய விவாகத்துக்கு எதிராகவும் துணிந்து எழுதிய பேனா அவருடையது. 1925 இல் சென்னைப் பல்கலைக்கழக மன்றத்தில், தமிழ் கட்டாய பாடமாக வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. தந்தையில்லாத அந்த வீட்டைத் தாங்கிப் பிடித்துத் தம்பியை ஆளாக்கியவர் மூத்த சகோதரி. ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கைக்குப் பின்னால் படித்த ஒரு ராத்தா நிற்பது நம் குடும்பங்களிலும் காணாத செய்தியல்ல.

அவர்கள் குடியிருந்த மயிலாப்பூர் அன்று இன்றைய நெரிசல் நகரமல்ல. புதர்க் காடுகளும் பறவைகளும் நரிகளும் வீட்டுக்கு அருகிலேயே இருந்தன. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரியை வளர்த்தான். புத்தகத்தில் விலங்கியல் படிக்கும் முன்னரே, வீட்டு முற்றத்தில் அவன் விலங்குகளைப் படித்துவிட்டான்.

1927 இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் பி. எஃப். பைசன் என்ற ஆங்கிலேயர். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிகளில் வளரும் செடிகொடிகளைப் பற்றி முக்கியமான நூலொன்றை எழுதியவர் அவர். பைசனும் அவருடைய மனைவியும் அந்த மலைகளுக்குப் போகும்போது கிருஷ்ணனும் கூடப் போவார். பைசனின் மனைவியிடம் நீர்வர்ண ஓவியம் கற்றுக்கொண்டார். ஒரு செடியை வரைய வேண்டுமானால் அதன் இலை எப்படித் தண்டில் பொருந்தியிருக்கிறது என்று நிதானமாகப் பார்த்தாக வேண்டும். கை வரைவதற்கு முன் கண் வேலை செய்ய வேண்டும். பிற்காலத்தில் அவர் கமராவைப் பிடித்த விதத்துக்கும் இந்தப் பயிற்சியே அடித்தளம் என்று நான் நினைக்கிறேன். வரையாடு மேயும் புல்வெளிகளும் அந்த மலைகளில்தான் இருக்கின்றன.

பரீட்சைகளில் கிருஷ்ணன் பிரகாசிக்கவில்லை. இதை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பெறுபேற்று அட்டையை வைத்தே ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைக் கணக்குப் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கிருஷ்ணன் 1931 இல் பட்டம் பெற்றார். 1936 இல் சட்டப் படிப்பையும் முடித்தார். ஆனாலும் வேலை எளிதில் கிடைக்கவில்லை. சிறு பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார், கேலிச்சித்திரம் வரைந்தார். 1937 இல் இந்துமதி என்பவரை மணந்துகொண்டார். வருமானம் நிலையில்லாத அந்த ஆண்டுகளிலும் பறவையையும் விலங்கையும் கவனிப்பதை அவர் விடவில்லை.

1942 இல் இன்றைய கர்நாடகத்திலுள்ள சண்டூர் என்ற சிறிய சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவர் ஆசிரியராக இருந்தார், நீதிபதியாக இருந்தார், விளம்பர அதிகாரியாக இருந்தார், மன்னரின் அரசியல் செயலாளராகவும் இருந்தார். ஓய்வு கிடைத்தபோதெல்லாம் சுற்றியிருந்த குன்றுகளிலும் புதர்க் காடுகளிலும் நடந்தார். செம்மறியாடு மேய்த்துப் பார்த்தார். தபால் கொண்டுசெல்லும் புறாக்களை வளர்த்தார். ஒரு நீதிபதி ஆடு மேய்த்தால் நம் ஊரில் என்ன பேசுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! ஆனால் ஆட்டின் பின்னால் ஒரு பகல் முழுவதும் நடந்தவருக்குத்தான் அது எந்தப் புல்லைக் கடிக்கும், எதை விட்டுவிடும், எந்த ஓசைக்குத் தலை தூக்கும் என்பது தெரியும்.

சுதந்திரத்துக்குப் பின் சண்டூர் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன் பிறகு எவரிடமும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கவில்லை. எழுத்தும் புகைப்படமுமே பிழைப்பு. 1950 இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கை பற்றி ஒரு தொடர் பத்தி எழுதத் தொடங்கினார். இரு வாரத்துக்கு ஒரு முறை வந்த அந்தப் பத்தி 46 ஆண்டுகள் தொடர்ந்தது. யானையைப் பற்றி மட்டுமல்ல, அணிலையும் காகத்தையும் வீட்டுச் சுவரில் திரியும் பல்லியையும் பற்றிக்கூட எழுதினார். தமிழிலும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் பின்னர் மழைக்காலமும் குயிலோசையும் என்ற பெயரில் நூலாக வந்தன.

இனி அவருடைய கமராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்று கைபேசியில் ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கிறோம். கிருஷ்ணனின் காலத்தில் ஒவ்வொரு படத்துக்கும் படச்சுருள் செலவாகும். அதற்குப் பணம் வேண்டும். விலையுயர்ந்த கருவி வாங்க அவரிடம் வசதியில்லை. ஒரு கமராவின் உடலையும் வேறொன்றின் தொலைநோக்கு லென்ஸையும் வேறு உதிரிப் பாகங்களையும் தானே பொருத்தி ஒரு பாரமான கருவியை உருவாக்கிக்கொண்டார். கடைசி வரைக்கும் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தார். முதுமலைக் காட்டில் பழக்கப்பட்ட யானையின் மீதேறிச் சென்று காட்டு யானைகளைப் படம் பிடித்தார். மற்ற இடங்களில் கால்நடையாகவே அலைந்தார்.

அடைத்து வைத்த விலங்கைக் காட்டு விலங்குபோல் காட்டுவது அவருக்குப் பிடிக்காத செயல். விலங்கு தன் இடத்தில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதைக் கலைக்காமல் அருகே போக வேண்டும். அதற்கு அதன் பழக்கவழக்கம் தெரிய வேண்டும். ஆகவே நல்ல புகைப்படக்காரர் ஆக வேண்டுமானால் முதலில் நல்ல மாணவர் ஆக வேண்டியிருந்தது.

வரையாட்டை எடுத்துக்கொள்வோம். அதைப் படம் பிடிக்க விரும்புபவர் அறிந்திருக்க வேண்டியவை எத்தனை! அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றருக்கு மேல், 2,600 மீற்றர் வரையான உயரத்தில் வாழும். திறந்த புல்வெளியில் மேயும். ஆனால் பக்கத்திலேயே செங்குத்துப் பாறை இருக்கும் புல்வெளியைத்தான் தெரிவு செய்யும். சிறுத்தையோ செந்நாயோ வந்தால் அந்தப் பாறையே அதற்குக் கோட்டை. வேறெந்த விலங்கும் கால் வைக்கத் துணியாத விளிம்பில் அது ஓடும். காலையிலும் மாலையிலும் மேய்ந்துவிட்டு நண்பகலில் பாறை மீது படுத்து அசைபோடும். அப்போதும் கூட்டத்தில் ஒன்று, பெரும்பாலும் ஒரு பெண் ஆடு, காவலுக்கு விழித்திருக்கும். ஆபத்துக் கண்டால் விசில் போன்ற ஒலி எழுப்பும். ஆபத்து கீழிருந்துதான் வரும் என்று அதன் பார்வை பள்ளத்தாக்கின் பக்கமே இருக்கும். அதனால் அதைப் பார்க்கப் போகிறவர் விடியுமுன் சுற்றி ஏறி, அதற்கும் மேலே போய்க் காத்திருக்க வேண்டும். மூடுபனி இறங்கினால் அன்றைய உழைப்பு முழுவதும் வீண்.

வயது முதிர்ந்த ஆண் ஆட்டின் உடல் கருமையாக மாறி, முதுகில் சேணம் போட்டதுபோல் வெண்சாம்பல் திட்டொன்று தோன்றும். பெண்ணும் குட்டியும் மங்கலான பழுப்பு நிறம். கொம்புகள் பின்புறம் வளைந்திருக்கும். ஆணுக்கு அவை கனமானவை, பெண்ணுக்குச் சிறியவை. மழைக்காலத்தில் இணை சேர்ந்து, ஆறு மாதம் சுமந்து, ஆண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை ஈனும். இமயமலையின் காட்டாட்டுக்கு நெருங்கிய உறவு என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். 2005 இல் வெளிவந்த மரபணு ஆய்வு அது செம்மறியாட்டுக்கே கிட்டிய உறவு என்று காட்டியது. அதன்பின் அதற்கெனத் தனியொரு பேரினத்தையே வகுத்தார்கள்.

இவற்றையெல்லாம் ஒருவரே கண்டுபிடிக்கவில்லை. குன்னூரில் வழக்கறிஞராக இருந்த ஈ. ஆர். சி. தாவீதார் 1960களிலும் 1970களிலும் மலை மலையாக ஏறி வரையாடுகளைக் கணக்கெடுத்தார். அவர் நினைவாகத்தான் ஒக்டோபர் 7 ஆம் திகதியைத் தமிழ்நாடு வரையாடு தினமாகக் கொண்டாடுகிறது. அமெரிக்க விலங்கியலாளர் ஜோர்ஜ் ஷாலர் 1969 இல் வந்து ஆராய்ந்தார். கிருஷ்ணன் செய்தது இன்னும் பரந்த வேலை. 1968 இல் நேரு புலமைப்பரிசில் பெற்று, தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகள் எங்கே, எப்படி, எந்த நிலையில் வாழ்கின்றன என்று தேடி அலைந்தார். 1959 முதல் 1970 வரை அவர் கண்டவற்றின் தொகுப்பு 1975 இல் நூலாக வந்தது. அதில் அவருடைய எழுத்தும் படமும் சான்றாக நின்றன. இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. வனவிலங்குகளுக்கான தேசியச் சபையிலும் புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் குழுவிலும் இடம்பெற்று, மனதில் பட்டதை ஒளிக்காமல் பேசினார்.

அவர் விடாமல் வலியுறுத்திய கருத்தொன்று நம் ஊவாவுக்கும் பொருந்தும். காடு என்றால் மரம் மட்டும்தான் என்று பலர் எண்ணுகிறார்கள். புல்வெளியைக் கண்டால் வெறுந்தரை, வீணாகக் கிடக்கும் நிலம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நீலகிரியில் அப்படித்தான் நடந்தது. ஆயிரமாயிரம் ஆண்டுகளாகப் புல்லாக இருந்த மலைச் சரிவுகளில் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்த யூக்கலிப்டஸையும் வாட்டில் மரத்தையும், பைன் மரத்தையும் நட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சை. வரையாட்டுக்கோ அங்கே ஒரு வாய் புல் இல்லை. சுடப்பட்டு அழிந்தது ஒரு பங்கென்றால், மேய இடமின்றி ஒதுங்கியது இன்னொரு பங்கு. மண்ணுக்குரிய மரமும் புல்லும் இருக்க வேண்டிய இடத்தில் வேற்று நாட்டு மரங்களை நடுவதைக் கிருஷ்ணன் கடைசி வரை எதிர்த்து எழுதினார். நகரத் தெருக்களில் அழகுக்காக நடும் மரங்களைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை.

தேயிலையும் புல்வெளியைத் தின்றது. ஆனால் மூணாறில் ஒரு வித்தியாசம் நடந்தது. அங்கிருந்த தோட்டத் துரைமார் தங்கள் வேட்டைக்காக இரவிகுளம் என்ற உயர்ந்த புல்வெளியைத் தேயிலை நடாமல் ஒதுக்கி வைத்தார்கள். வேட்டைக்காக வைத்த அந்த நிலமே 1975 இல் சரணாலயமாகவும் 1978 இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இன்று வரையாடுகள் மிக அதிகமாகக் கூடி வாழும் இடம் அதுதான். குட்டி ஈனும் பருவத்தில் பார்வையாளர்களுக்குக் கதவை மூடிவிடுகிறார்கள். பூங்காவின் அடிவாரத்தில் இருப்பது தேயிலைத் தோட்டம். அதில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் நம் மலையகத்தாரைப் போலவே தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளர்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையையும் இலங்கையையும் ஒரே உயிர்ப்பன்மை வலயமாகவே விஞ்ஞானிகள் கணிக்கிறார்கள். நீலகிரிப் புல்வெளியில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரன் மரத்தின் உறவுதான் ஹோட்டன் சமவெளியில் நாம் காணும் மஹரத்மல். அங்கே புல்வெளி, இங்கே பத்தனை. பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் வழியில் கண்ணை உயர்த்திப் பாருங்கள். ஒரு காலத்தில் பத்தனைப் புல்லாக இருந்த சரிவுகள் பலவற்றில் இன்று பைன் மரமும் யூக்கலிப்டஸும் நிற்கின்றன. எஞ்சிய புல்லை வறட்சிக் காலத்தில் யாரோ வைக்கும் தீ கரியாக்குகிறது. தீ எரிந்த மலையில் அடுத்த மழைக்கு மண் கரைந்து ஓடுகிறது. லயத்தின் பின்னால் சரிவு இருப்பவர்களுக்கு அதன் பயம் நன்றாகத் தெரியும். ஹோட்டன் சமவெளியிலும் ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சள் பூ முட்செடியொன்று புல்லின் இடத்தைப் பிடித்துவருகிறது.

நமக்கு வரையாடு இல்லை, மரை இருக்கிறது. ஹோட்டன் சமவெளிக்குப் போனால் வாகனங்கள் நிற்கும் இடத்திலேயே மரைகளைக் காணலாம். பிஸ்கட்டை நீட்டி அவற்றை அருகே அழைத்து, தோளோடு தோள் சேர்த்துப் படமெடுத்துக்கொள்பவர்களையும் காணலாம். அந்தப் படத்தில் மரை இருக்கும். அதன் வாழ்க்கை இருக்காது. பழகிப்போன விலங்கு பொலித்தீன் உறையையும் சேர்த்து விழுங்குகிறது. கிருஷ்ணன் அந்த இடத்தில் நின்றிருந்தால் கமராவை மூடி வைத்துவிட்டு, புல்வெளியின் ஓரத்தில் ஒதுங்கிப்போய் உட்கார்ந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. மாலையானதும் மரைக் கூட்டம் தானாகவே காட்டின் விளிம்பிலிருந்து இறங்கி வரும். அந்தப் படத்துக்காக அவர் எத்தனை நாளும் காத்திருப்பார்.

1995 இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றாடல் அமைப்பு அவரை உலகின் சிறந்த சுற்றாடல் சேவையாளர் வரிசையில் சேர்த்துக் கௌரவித்தது. 1996 பெப்ரவரி 18 ஆம் திகதி, 83 ஆவது வயதில் சென்னையில் காலமானார். வாழ்வின் இறுதி வரை பத்தி எழுதினார். சொத்தென்று சொல்ல அவர் விட்டுச் சென்றவை ஆயிரக்கணக்கான கறுப்பு வெள்ளைப் படங்களும், அரை நூற்றாண்டு காலம் ஒரு நாட்டின் உயிர்களை அருகிருந்து கண்ட குறிப்புகளும்தான். வரையாட்டைக் காக்க 2023 இல் தமிழ்நாடு அரசு தனித் திட்டமே தொடங்கியது. இழந்த புல்வெளிகளை மீட்பதும் அதன் ஒரு பகுதி. இத்தகைய முயற்சிக்கு மனங்களைப் பக்குவப்படுத்தியவர்களில் கிருஷ்ணனும் ஒருவர். புல்வெளி வீணான நிலமல்ல என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

அன்புச் சகோதரிகளே, பெற்றோர்களே, யாரும் கவனிக்காத ஒன்று அழிந்தால் அழிந்தது என்றுகூடத் தெரியாமல் போய்விடும். கிருஷ்ணனின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். காட்டுயிரைக் கவனிக்க நீலகிரிக்குப் போக வேண்டியதில்லை, விலையுயர்ந்த கமராவும் வேண்டியதில்லை. நம் வீட்டுக்கு மேலே இருக்கும் சரிவு போதும். நமுனுகுல மலையில் மேகம் எந்த மாதம் இறங்குகிறது, பத்தனைப் புல் எப்போது பூக்கிறது, எந்தப் பறவை எந்த மரத்தில் கூடு கட்டுகிறது, தீ எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கியது என்று திகதியிட்டு எழுத ஒரு நாற்பது பக்கக் கொப்பி இருந்தால் தொடங்கிவிடலாம். நான் இந்த ஆண்டு ஜனவரியில் ஒன்றைத் தொடங்கியிருக்கிறேன். அதில் இதுவரை பதிவான பறவைகள் 23. மலையின் அடுத்த பக்கத்தில் குடியிருக்கும் ஒரு சகோதரியும் தொடங்கினால், ஒரே மலையின் இரண்டு பக்கமும் எழுத்தில் ஏறிவிடும்.